பால் கட்டினால் பிசையாதீர்கள்: பாலூட்டும் அம்மாக்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மார்பில் பால் கட்டுவது, அதைத் தொடர்ந்து வரும் வலி, காய்ச்சல் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கி இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: குழந்தை பிறந்து 18 நாள் ஆகிறது. வலது மார்பில் அக்குள் பக்கமாகக் கல் மாதிரி ஒரு கட்டி. தொட்டாலே உயிர் போகிறது. மாமியார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, விளக்கெண்ணெய் தடவி, அழுத்தி நீவிவிடுகிறார். இரண்டு நாளாக நீவியும் கட்டி பெரிதாகிக்கொண்டுதான் போகிறது. இன்னும் அழுத்த வேண்டுமா? (திருப்பூர் வாசகி)

வேண்டாம். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மாமியாரைக் குறை சொல்வதற்கில்லை. சில வருடங்களுக்கு முன்புவரை ஆஸ்பத்திரிகளிலேயே இதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். குழாயில் பால் உறைந்து அடைத்துக்கொண்டது, சூடு காட்டி அழுத்தினால் அடைப்பு வெளியே வந்துவிடும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

உள்ளே இருப்பது அப்படிப்பட்ட அமைப்பு இல்லை. மார்பின் உள்ளமைப்புக்கு வெகுகாலம் ஆதாரமாக இருந்தது 1840ல் ஆஸ்ட்லி கூப்பர் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் வெளியிட்ட படங்கள். 2005ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தினர் பாலூட்டும் பெண்களையே ஸ்கேன் செய்து பார்த்தார்கள். காம்பில் திறக்கும் குழாய்கள் சராசரியாக ஒன்பதுதான். அவை மெல்லியவை, லேசாக அழுத்தினாலே ஒட்டிக்கொள்பவை. உள்ளே கிளைகிளையாகப் பிரிந்து ஒன்றுக்கொன்று பின்னிக் கிடக்கின்றன. நீங்கள் கட்டி என்று தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் குழாய்களைச் சுற்றியுள்ள சதையில் ஏற்பட்ட வீக்கம். அந்த வீக்கம்தான் குழாயை நெருக்கிப் பால் வரவிடாமல் செய்கிறது. வீங்கிய கண்ணிமையை யாராவது கட்டைவிரலால் பிசைவார்களா? அழுத்த அழுத்த நுண்ணிய ரத்தக் குழாய்கள் சிதைந்து வீக்கம் கூடும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். பாலூட்டல் மருத்துவத்துக்கான சர்வதேச மருத்துவர் சங்கம் 2022ல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது, அழுத்தி நீவுவதையும் மார்பை ஒட்டக் கறப்பதையும் கைவிடச் சொன்னது இதனால்தான்.

சரி, என்ன செய்யலாம்? ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் வைக்கலாம். இதைச் சொன்னதும் வீட்டில் ஒரு போர் மூளும் என்று தெரியும். "பச்சை உடம்புக்காரி ஐஸ் வைப்பாளா, குழந்தைக்குச் சளி பிடிக்காதா?" என்பார்கள். பிடிக்காது. தோலின் மேல் குளிர்ச்சி வைத்தாலும் குழந்தையின் வாய்க்குள் போகும் பால் உடம்புச் சூட்டில்தான் இருக்கும். பால் கொடுக்கப்போகும் முன் இளஞ்சூட்டுத் துணி வைப்பது உங்களுக்கு இதமாக இருந்தால் இரண்டு நிமிடம் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இல்லாதவர்கள் இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை எடுக்கலாம். வலியோடு வீக்கத்தையும் அது குறைக்கும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாராசிட்டமால். இரண்டுமே பாலூட்டும்போது எடுக்கக்கூடியவைதான். ஆஸ்பிரின் வேண்டாம். குழந்தை கேட்கும்போது வழக்கம்போலக் கொடுங்கள். கட்டி இருக்கும் பக்கத்தைக் காலி செய்தே ஆகவேண்டும் என்று கூடுதலாகக் கறக்க வேண்டாம். மாமியாருக்குக் கை சும்மா இருக்காது என்றால், காம்பிலிருந்து அக்குளையும் காறை எலும்பையும் நோக்கி, தோல் மட்டும் நகரும் அளவுக்கு மெதுவாகத் தடவிவிடச் சொல்லுங்கள். அதில் நீர் வடிந்து வீக்கம் இறங்கும். அவருடைய உதவியையும் தட்டிக்கழித்த மாதிரி இருக்காது.

கேள்வி: நேற்று இரவு குளிர் நடுக்கத்தோடு 102 டிகிரி காய்ச்சல். இடது மார்பு செக்கச்செவேல் என்று இருக்கிறது. "சீழ் பாலைக் குழந்தைக்குக் கொடுக்காதே, பால் பவுடருக்கு மாற்று" என்கிறார்கள். குழந்தையும் அந்தப் பக்கம் வாய் வைக்க மறுக்கிறான். (தஞ்சாவூர் வாசகி)

கொடுக்கலாம், அந்தப் பக்கமே கொடுக்கலாம். கிருமித் தொற்றாகவே இருந்தாலும், அந்தக் கிருமி பெரும்பாலும் தாயின் தோலிலும் குழந்தையின் மூக்கிலும் வாயிலும் ஏற்கெனவே குடியிருப்பதுதான். நல்லபடியாக வளரும் குழந்தைக்கு இந்தப் பாலால் கெடுதல் இல்லை. பட்டென்று நிறுத்தினால்தான் பால் தேங்கி நிலைமை மோசமாகும். ஒரே ஒரு முக்கியமான விதிவிலக்கு: எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள். அவர்கள் அந்தப் பக்கம் கொடுக்காமல் உடனே தங்கள் மருத்துவரிடம் பேச வேண்டும். குறைமாதக் குழந்தை, ஐ.சி.யூ.வில் இருக்கும் குழந்தை என்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

பையன் மறுப்பதற்குக் காரணம் ருசி. அழற்சி வந்த மார்பில் சோடியம் கூடிப் பால் உப்புக் கரிக்கும், இனிப்பும் குறைந்துவிடும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், தெரியும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் குடித்துவிடுவான். அறவே மறுத்தால், அவன் வழக்கமாகக் குடிக்கும் நேரத்துக்குக் கையால் மென்மையாகக் கறந்து, சங்கடம் தீரும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறந்ததைப் பாலாடையில் கொடுக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரசவமாகிப் பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால் அதை "பால் காய்ச்சல்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கர்ப்பப்பை, சிறுநீர்ப்பாதை, தையல் போட்ட இடம் எல்லாவற்றையும் மருத்துவர் அன்றைக்கே பார்க்க வேண்டும். மூச்சு வாங்குதல், படபடப்பு, குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல் என்றால் காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி: டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்திருக்கிறார். பாலில் இறங்கிக் குழந்தைக்குப் போகுமே என்று மூன்று நாளாக மாத்திரையைத் தொடவில்லை. உண்மையிலேயே தேவையா? (திருநெல்வேலி வாசகி)

எல்லாருக்கும் முதல் நாளே தேவைப்படாது. மாஸ்டைடிஸ் எனப்படும் இந்த மார்பு அழற்சி வீக்கத்தில் தொடங்கும் விஷயம். ஆரம்பத்தில் கிருமியே இல்லாமலும் காய்ச்சலும் சிவப்பும் வரும். ஐஸ், வலி மாத்திரை, ஓய்வு என்று 24 மணி நேரம் பார்த்தும் தணியவில்லை என்றால், அல்லது ஆரம்பத்திலேயே ஆளைச் சாய்க்கும் அளவுக்கு இருந்தால், கிருமி சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபயாடிக் தருவார்கள். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். மூன்று நாள் ஆகியும் தணியவில்லையென்றால் இன்றைக்கே அவரைத் திரும்பப் பாருங்கள், எடுக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வழக்கமாகத் தரப்படுபவை செஃபலெக்சின், கிளாக்ஸசிலின் வகை மருந்துகள். பாலில் இறங்குவது மிகக் கொஞ்சம். குழந்தைக்கு இரண்டு நாள் மலம் சற்று இளகலாம், வாயில் வெள்ளைப் படலம் வரலாம். படலம் வந்தால் காட்டுங்கள். 10 முதல் 14 நாள் என்று எழுதியிருந்தால் அத்தனை நாளும் சாப்பிடுங்கள். நான்காம் நாள் வலி போனதும் மீதியைச் சாமி அலமாரியில் எடுத்துவைத்து, அடுத்த முறைக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது வேண்டாம். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். இரண்டு நாள் மருந்து எடுத்தும் குறையவில்லை என்றால் எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் பரிசோதனைக்குப் பாலை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண மருந்துக்கு அசையாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியாக இருக்கக்கூடும்.

கேள்வி: ஐ.டி. வேலைக்குத் திரும்பப்போகிறேன். அதற்காக ஒவ்வொரு முறை பால் கொடுத்த பிறகும் பம்ப் வைத்து எடுத்து ஃப்ரீசரில் சேர்க்கிறேன். ஃப்ரீசர் நிறைந்துவிட்டது. ஆனால் நாலு மாதத்தில் மூன்றாவது முறை மாஸ்டைடிஸ். (சோழிங்கநல்லூர் வாசகி)

ஃப்ரீசர் நிறைந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். மார்பு காலியாகும் அளவை வைத்துத்தான் அடுத்த வேளைக்கு எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உடம்பு முடிவு செய்கிறது. குழந்தை குடித்த பிறகும் பம்ப் போட்டால், வீட்டில் இரட்டைக் குழந்தை இருப்பதாக உடம்பு நினைத்துக்கொள்ளும். ஒரு வேளை பம்ப் போட மறந்தால் அந்த அதிகப்படிப் பால் தேங்கும், வீங்கும், திரும்பவும் காய்ச்சல்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை நாளொன்றுக்குச் சராசரியாக 750-800 மில்லி போதும். வயது கூடக் கூட இந்த அளவு பெரிதாகக் கூடுவதும் இல்லை. நீங்கள் ஆபீஸில் இருக்கும் நேரத்துக்கு ஆகும் பால் இதில் ஒரு பகுதிதான். ஆகவே ஓரிரு நாளுக்கான இருப்பு இருந்தால் தாராளம். பம்பை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு வேளையைக் குறையுங்கள், மீதி வேளைகளிலும் எடுக்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பம்பின் புனல் காம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். உள்ளே காம்பு உரசிப் புண்ணாகிறது என்றால் அளவு தவறு. உறிஞ்சும் வேகத்தை முழுக்க ஏற்றினால் அதிகம் பால் வராது, புண்தான் வரும்.

பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் சாப்பாடு, ஆசைப்பட்டால் சாப்பிடுங்கள். ஆனால் பால் ஊறுவதற்கென்று குடிக்கும் சதாவரிப் பொடி, வெந்தயக் கஷாயம் எல்லாம் உங்களுக்கு இப்போது எதிரி. நிறுத்துங்கள். உறைந்த பால் உபரியாக இருந்தால், உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா, வீட்டில் உறையவைத்ததை ஏற்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தரவேண்டும் என்பது சட்டம். மீட்டிங் என்று சொல்லி அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: காம்பு நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி. பால் கொடுக்கும்போது ஊசி குத்துகிற மாதிரி வலி. ஊசியைச் சுட்டுக் குத்தி எடுக்கலாமா? (கோவை வாசகி)

கூடாது. குத்தினால் இரண்டு நாள் நிம்மதி, பிறகு தழும்போடு திரும்ப வரும். கிருமி நுழையவும் வழி திறந்துவிட்ட மாதிரி. குழாயின் வாயில் ஏற்பட்ட அழற்சிதான் அந்தப் புள்ளி. மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பை மெலிதாகத் தடவி, பால் கொடுக்கும் முன் துடைத்துவிட்டால் போதும். குழந்தை காம்பை மட்டும் பிடிக்காமல் சுற்றியுள்ள கரிய வட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வுகிறதா என்று யாராவது ஒரு செவிலியரிடம் காட்டிச் சரிபாருங்கள்.

கேள்வி: மனைவிக்கு மார்பில் கட்டி பழுத்துவிட்டது. "உடையட்டும்" என்று வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் பற்றுப் போடுகிறார்கள். ஆபரேஷன் என்றால் பால் கொடுப்பதே நின்றுவிடுமா? (விழுப்புரம் வாசகர்)

பற்றைக் கழுவிவிடுங்கள். சுண்ணாம்பு தோலை வேகவைக்கும், குழந்தையின் வாயிலும் படும்.

மாஸ்டைடிஸ் வந்தவர்களில் நூற்றுக்கு 3 முதல் 11 பேருக்குச் சீழ்க்கட்டி வரை போகிறது. காய்ச்சல் விட்டுவிட்டு வருவது, ஓரிடம் மட்டும் பளபளவென்று சிவந்து, தொட்டால் உள்ளே தண்ணீர் தளும்புகிற மாதிரி இருப்பது இதன் அடையாளம். மார்பக ஸ்கேன் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடும். இதற்கு எப்போதும் பெரிய ஆபரேஷன் தேவையில்லை. இடத்தை மரத்துப்போகச் செய்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பார்கள். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கலாம். பெரிய கட்டி என்றால் சின்னதாகக் கீறி, சீழ் வடியக் குழாய் வைப்பார்கள். காயத்தின் வழியாகக் கொஞ்ச நாள் பாலும் கசியும். பயப்படாதீர்கள், ஆறிவிடும். கட்டு குழந்தையின் வாய்க்குப் படாத இடத்தில் இருந்தால் அந்தப் பக்கமே தொடர்ந்து கொடுக்கலாம். கீறும் இடத்தைக் கரிய வட்டத்திலிருந்து தள்ளி வைக்க முடியுமா என்று அறுவை மருத்துவரிடம் நீங்களே முன்கூட்டிக் கேளுங்கள். அவர் "பாலை நிறுத்த மாத்திரை தரட்டுமா" என்றால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. ராத்திரி குழந்தையைத் தூக்கி வந்து கொடுப்பது, திரும்பத் தூங்கவைப்பது எல்லாம் இந்த இரண்டு வாரத்துக்கு உங்கள் வேலை.

கேள்வி: பால் கட்டினால் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டச் சொல்கிறார் அம்மா. வெறும் நம்பிக்கையா? (மதுரை வாசகி)

வெறும் நம்பிக்கை என்று தள்ள முடியாது. வேலூர் சி.எம்.சி.யில் இதைச் சோதித்து 1988ல் வெளியிட்டிருக்கிறார்கள். அண்மையில் பிரசவமாகிப் பாலை நிறுத்த வேண்டியிருந்த பெண்களில் சிலருக்கு மல்லிகைப் பூ, சிலருக்கு புரோமோகிரிப்டின் மாத்திரை. மார்புக் கட்டும் பால் சுரப்பும் குறைவதில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அந்த மாத்திரை ரத்த அழுத்தம், வலிப்பு, பக்கவாதம் பற்றிய அச்சத்தால் 1990களின் நடுவில் அமெரிக்காவில் இந்த உபயோகத்துக்கு விலக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பூவின் மேல் மரியாதை வருகிறது.

ஆனால் அம்மா சொல்லும் இடம் தவறு. பூ பாலை நிறுத்துவதற்கு. நீங்கள் தொடர்ந்து கொடுக்க நினைக்கிறீர்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும்போது அம்மா சொன்னதைச் செய்யுங்கள், அதுவும் நாளுக்கு ஒரு வேளை என்று மெதுவாகக் குறைத்துக்கொண்டே. காம்பில் வேப்பெண்ணெய் தடவி ஒரே நாளில் நிறுத்துபவர்களுக்குத்தான் மறுநாள் காய்ச்சல் அடிக்கிறது.

கேள்வி: காய்ச்சல் போய் ஐந்து வாரம் ஆகிறது. இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடித்தேன். கட்டி மட்டும் அப்படியே இருக்கிறது, வலியும் அவ்வளவாக இல்லை. பால் கொடுப்பதை நிறுத்தியபின் பார்த்துக்கொள்ளலாமா? (சேலம் வாசகி)

அதுவரை தள்ளிப்போட வேண்டாம். சாதாரண மாஸ்டைடிஸ் இத்தனை நாள் தங்காது. நம் நாட்டில் மார்பகக் காசநோய் இப்படித்தான் வரும், வெடித்த புண் ஆறாமல் திரும்பத் திரும்பக் கசியும். சிறு சிறு முடிச்சுகளாகத் திரளும் கிரானுலோமா வகை அழற்சியும் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும். பாலூட்டும் வயதிலும் புற்றுநோய் வரும், அபூர்வமாகத்தான் என்றாலும். தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழிகுழியாக இருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொண்டிருக்கிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் பாலூட்டும்போதே செய்யலாம். அவற்றுக்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. மூன்றாவது கோர்ஸ் ஆன்டிபயாடிக் எழுதினால் வாங்கிக்கொண்டு வந்துவிடாமல், "திசு எடுத்துப் பார்க்கலாமா, காசநோய்ப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யலாமா" என்று கேளுங்கள். இந்த வாரமே அறுவை மருத்துவரைப் பாருங்கள், இதுவரை எடுத்த மாத்திரைச் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோங்கள்.