புல்லுக்குள் ஒரு புழு: கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனில் லூயிஷம் பகுதியில் இருக்கிறேன். தோட்டத்து ஓரமாக வெட்டாமல் விட்ட புல்லில், சில இலைகளின் நுனியிலிருந்து கீழ்நோக்கி வெளிறிய பட்டை ஓடுகிறது. ஊரில் எலுமிச்சை இலையில் பூச்சி கோணல்மாணலாகக் கிறுக்கியிருக்கும். இது நேர்கோடு. அதே பூச்சியா, நோயா? மருந்தடிக்க வேண்டுமா?

மாலதி

அன்புள்ள மாலதி,

நோய் மாதிரி தெரியவில்லை. ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டைக்குள் கருந்துகள் தெரிந்தால் புழுவின் எச்சம். அதை ஒட்டி, பழுப்புத் தலையோடு ஒன்று நெளிந்தால் அது எலாகிஸ்டா என்னும் அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். தலையே தெரியாவிட்டால் ஈயின் புழு. புல்லைக் குடையும் ஈக்களும் அங்கே நிறைய.

கோடு நேராக இருப்பதற்குக் காரணம் புல்தான். அதன் நரம்புகள் அடியிலிருந்து நுனிவரை இணையாக ஓடுகின்றன. இரண்டு தோலையும் விட்டுவிட்டு நடுவிலிருக்கும் பச்சைச் சதையைத் தின்னும் புழு அந்த நரம்புகளை ஒட்டியேதான் போகவேண்டும். எலுமிச்சைப் புழு அவ்வளவு ஆழம் போவதில்லை. தோலின் செல்களைக் கீறிச் சாற்றைக் குடிப்பதோடு சரி, அதனால் இஷ்டத்துக்கு அலைகிறது.

அந்தப் பக்கம் சாதாரணமாகக் கிடைப்பது எலாகிஸ்டா அர்ஜென்டெல்லா. குளிர்காலத்தை இலைக்குள்ளேயே கழித்துவிட்டு, வசந்தத்தில் வெளியே வந்து கூட்டுப்புழுவாகும். மே, ஜூன் மாலைகளில் வளர்ந்த பூச்சி புல்தண்டில் அரிசி ஒட்டியதுபோல வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். ஆனால் கோட்டை வைத்து மட்டும் பெயர் சொல்ல முடியாது. முதலில் புல் எதுவென்று தெரியவேண்டும். அப்படியும் சில இனங்களைப் பிரித்தறிய, வளர்ந்த பூச்சியின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்.

உங்கள் லூயிஷமிலேயே இதற்கென்றே ஒருவர் இருந்தார். எலுமிச்சைப் பூச்சிக்கு 1856இல் அறிவியல் பெயர் வைத்த ஹென்றி ஸ்டெயின்டன். கல்கத்தாவிலிருந்து போன பூச்சிகளைப் பார்த்து எழுதினார். மவுண்ட்ஸ்ஃபீல்ட் பூங்கா இருப்பது அவர் வீட்டு நிலத்தில்தான். இத்தனூண்டு அந்துப்பூச்சிகளைப் பற்றி 13 தொகுதிகள், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் நான்கிலும் சேர்த்து. பைத்தியம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

மருந்தெல்லாம் வேண்டாம். புல்லுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஜூன் முடியும்வரை அந்த ஓரத்தை வெட்டாமல் விடுங்கள். அப்புறம், படம் அனுப்பினால் இலையோடு கதிரும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.