அடையை விட்டு எழும்பவே மாட்டேன் என்கிற கோழியை என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் நுவரெலியாப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஆறு கோழி வளர்க்கிறார். அதில் ஒரு செவலைக் கோழி ஐந்து வாரமாக வெறுங்கூட்டில் அடை கிடக்கிறதாம், தூக்கி வெளியே விட்டால் பத்து நிமிடத்தில் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்கிறதாம், பக்கத்து வீட்டில் தண்ணீரில் முக்கச் சொல்கிறார்கள், முக்கலாமா என்கிறார்.

முக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் முக்கியிருக்கிறேன். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன் நான், பதினைந்து பதினாறு வயதில் ஒரு ஆடி மாதம், வெளியே மழையும் மூட்டமும் நாலு நாளாக விடாமல் இருக்கிற நேரத்தில், யாரோ சொன்னார்கள் என்று எங்கள் கருப்புக் கோழியைப் பீலித் தண்ணீர் வாளியில் கழுத்து வரைக்கும் இரண்டு தரம் அமுக்கி எடுத்தேன். அடை கலைந்தது, உண்மைதான். மூன்றாம் நாள் மூக்கில் நீர் வடிந்து, ஐந்தாம் நாள் கோழியே இல்லை. யாழ்ப்பாணத்து வெயிலிலோ மட்டக்களப்பு வெயிலிலோ நனைந்த கோழி சீக்கிரம் காய்ந்துவிடும். நம் மலையில் சாயங்காலம் நனைந்தால் மறுநாள் மத்தியானம் வரைக்கும் இறகு ஈரமாகத்தான் இருக்கும், போதாததற்கு அடைக்கோழி நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டு வெறுந்தோலோடு இருக்கும். மூக்கில் இறகைக் குத்தி விடுவதும் அப்படித்தான். லயத்தில் செய்வார்கள், பார்த்திருக்கிறேன், அந்தக் கோழி படுகிற பாட்டைப் பார்த்தால் நீங்கள் செய்யமாட்டீர்கள்.

சரி, ஏன் எழும்பமாட்டேன் என்கிறது? அது பிடிவாதம் இல்லை, உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறிக் கிடக்கிறது. நெஞ்சுத் தோலில் கதகதப்பான கூடோ முட்டையோ பட்டுக்கொண்டே இருக்கிற வரைக்கும் அது இறங்காது, இருட்டும் அமைதியும் இருந்தால் இன்னும் மோசம். முட்டை இருந்தால் 21 நாளில் பொரித்துவிடும், குஞ்சுச் சத்தம் கேட்டதும் கோழி தாயாகிவிடும். உங்கள் கோழிக்கு அந்தச் சத்தம் வரப்போவதே இல்லை, அது நாளை எண்ணிப் பார்த்து எழும்பவும் தெரியாது. சில கோழி அலுத்துப்போய்த் தானாக விட்டுவிடும், ஐந்து வாரம் கடந்தும் விடாத கோழி அந்த ரகம் இல்லை.

இதில் என் அப்பாயி சொன்ன ஒரு வார்த்தையைத்தான் இன்றைக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நான் தினமும் கோழியைத் தூக்கி வெளியே விட, அது தினமும் திரும்பிப் போக, பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒருநாள் இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்தபடி, "டேய், ஒண்ணு அதுக்கு முட்டை வை, இல்லாட்டி கூட்டைக் கலை. ரெண்டுங்கெட்டான் வேலை பாக்காத" என்றார். நீங்கள் இப்போது செய்வது அந்த ரெண்டுங்கெட்டான் வேலைதான். தூக்கி விடுவதும் அது திரும்பிப் போவதுமாக வாரம் ஓடுகிறது, கோழி ஒருநாளைக்கு ஒருதரம் கொஞ்சம் கொத்திவிட்டு, ஒரு பெரிய நாற்றம் பிடித்த எச்சம் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் படுக்கிறது, கொண்டை வெளுத்து, கையில் எடுத்தால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தும். எடுத்துப் பாருங்கள், குத்துகிறதா?

குத்தினால் முட்டை வைக்கிற யோசனையை இந்தத் தடவை விட்டுவிடுங்கள், இன்னும் 21 நாள் கிடக்க அதற்குத் தெம்பு இல்லை. கலைக்கத்தான் வேண்டும். கலைப்பதற்குத் தண்ணீர் வேண்டாம், காற்று போதும். அடியில் கம்பிவலை மட்டும் இருக்கிற ஒரு கூடு, வைக்கோலோ சாக்கோ எதுவும் உள்ளே போடக்கூடாது, நாலு கல்லை வைத்து நிலத்திலிருந்து ஒரு முழம் தூக்கி வையுங்கள். கீழே இருந்து காற்று வந்து நெஞ்சில் படும், சூடு தங்காது, படுத்தாலும் சுகம் இருக்காது. அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் நம் ஊரில் இதை வெட்டவெளியில் வைக்கக்கூடாது. மேலே தகரம், மூன்று பக்கம் சாக்கு, சாரல் அடிக்காத மூலை, வெளிச்சம் மட்டும் நன்றாக வரவேண்டும். காற்று வர அடிப்பக்கமும் வெளிச்சம் வர நாலாவது பக்கமும் மட்டும் திறந்து கிடக்கட்டும். தீனும் தண்ணீரும் எப்போதும் உள்ளே இருக்கட்டும். சோளக் குருணை, கொஞ்சம் கீரை, கிடைத்தால் நெத்தலித் தலை. பட்டினி போட்டால் அடை கலையும் என்பார்கள், ஏற்கெனவே பட்டினி கிடக்கிற கோழியை இன்னும் என்ன பட்டினி போடுவது.

அடை பிடித்த முதல் இரண்டு நாளிலேயே இப்படி அடைத்தால் மூன்று நாலு நாளில் தெளிந்துவிடும். ஐந்து வாரம் ஊறிய கோழிக்கு ஒரு வாரம் கூட ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். முட்டைக்கும் அவசரப்படாதீர்கள், உடம்பு தேறி மறுபடி இட இரண்டு மூன்று வாரமாவது போகும்.

கூட்டில் போடுவதற்கு முன் இறக்கைக்கு அடியிலும் பின்பக்கத்திலும் இறகைப் பிரித்துப் பாருங்கள். மண்ணில் புரளாமல் வாரக்கணக்கில் கிடந்த கோழியில் பேன் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) எரித்த அடுப்புச் சாம்பலை ஆறவிட்டுச் சலித்து, காய்ந்த மண்ணோடு கலந்து ஒரு பெட்டியில் வைத்தால், தெளிந்த பிறகு தானே புரண்டுகொள்ளும். பழைய கூட்டு வைக்கோலை எரித்துவிடுங்கள், அதிலும் பேன்தான் இருக்கும்.

நெஞ்செலும்பு குத்தவில்லை, கோழி இன்னும் கனமாக இருக்கிறது என்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்குப் பிடித்த வழியும் அதுதான். ஒருநாள் வயதுக் குஞ்சு ஆறோ ஏழோ வாங்கி வந்து, நன்றாக இருட்டிய பிறகு, லைட் போடாமல், ஒவ்வொன்றாக அதன் இறக்கைக்கு அடியில் விடுங்கள். இத்தனை நாள் அடை கிடந்த கோழி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும், விடியும்போது தானே பொரித்ததுபோல் கொக்கரித்துக் கூப்பிடும். ஆனாலும் விடியற்காலையில் பக்கத்தில் நில்லுங்கள், கொத்துகிற கோழியும் உண்டு, என்னிடம் இருந்த ஒரு கோழி இரண்டு குஞ்சின் மண்டையை உடைத்தது. ஆனி, ஆடி மழையில் இதைச் செய்யவேண்டாம், நனைந்த குஞ்சு பிழைக்காது. மாசி, பங்குனி நல்லது.

அடுத்த தடவை அடை பிடித்தால் (பிடிக்கும், நாட்டுக்கோழியில் இந்தக் குணம் போகாது, முட்டைக்கென்றே வளர்க்கிற லேயர் கோழியில்தான் அதைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள்) முதல் நாளே முடிவு எடுங்கள். பொரிக்கவைப்பதென்றால் சேவல் கூடிய முட்டை வேண்டும், கடையில் வாங்கிய முட்டையை வைத்தால் அத்தனையும் கூமுட்டை. ஒரு வாரத்துக்குள் இட்டது பத்துப் பன்னிரண்டு போதும். கரிக்கட்டையால் கோடு போட்டு வையுங்கள், மற்றக் கோழிகள் அதே கூட்டில் வந்து இடும், பிறகு எது எப்போது வைத்தது என்று தெரியாது. நான் பழைய கொழுந்துக் கூடையில் காய்ந்த மானாப்புல்லைப் போட்டு வைப்பேன். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று அப்பாயி ஒரு இரும்பு ஆணியையும் உள்ளே போடுவார், நானும் போடுகிறேன், காரணம் கேட்காதீர்கள். ஏழாம் நாள் இரவு போன் டோர்ச்சை முட்டைக்குக் கீழே பிடித்தால் சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு தெரியும். தெரியாததை எடுத்துவிடுங்கள்.

இப்போதைக்கு உங்கள் செவலை தெளிந்ததா என்று பார்க்கப் பகலில் திறந்துவிட்டு நடையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பகலில் ஏமாற்றும். சாயங்காலம் மற்ற ஐந்தோடு சேர்ந்து கட்டையில் ஏறி உட்கார்ந்தால் தெளிந்துவிட்டது. முட்டையிடுகிற மூலையைத் தேடிப் போய் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்து, கை நீட்டினால் உர்ர் என்றால், இன்னும் இரண்டு நாள் கம்பிக்கூடு.