பத்து நாளைக்கு எழுதிய மாத்திரை, இரண்டு வருடமாக ஓடுகிறது: பதட்ட மாத்திரை பற்றி உங்கள் கேள்விகள்

இரண்டு வருடமாக ராத்திரி அல்பிரசோலம் போடுகிறேன், டாக்டர். நாளையிலிருந்து நிறுத்திவிடலாமா? (மஞ்சக்குப்பம்)

வேண்டாம்மா, திடீரென்று மட்டும் நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரை தினமும் சில வாரம் போனாலே உடம்பு பழகிவிடும், சட்டென்று விட்டால் தூக்கம் போய், கை நடுங்கி, படபடப்பு முன்பைவிட மோசமாக வரும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். உடனே "மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது" என்று பயந்து மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மாத்திரையை விட்டதால் வந்த தொந்தரவுதான். டாக்டர் மேற்பார்வையில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்துக்கொண்டே வரலாம். மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

போன மாதம் ஒருவர் நீட்டிய மருந்துச் சீட்டு மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதில் எழுதியிருந்தது வெறும் 10 நாளைக்கு. உங்கள் சீட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை புதுச்சேரி போனால் கொஞ்சம் குடிப்பேன். அன்றைக்குக் குளோனசெபத்தைத் தள்ளிப் போட்டால் போதுமா? (திருப்பாதிரிப்புலியூர்)

போதாது தம்பி. குளோனசெபமும் அல்பிரசோலம் வகைப் பதட்ட மாத்திரைதான். போட்ட மாத்திரையில் பாதி உடம்பை விட்டுப் போகவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் நேற்றுப் போட்டது இன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறது. மதுவும் இதுவும் சேர்ந்தால் மூச்சு தளர்ந்து உயிரே போகலாம், டிரமடால் மாதிரி வலி மாத்திரையோடும் இதே ஆபத்துதான். அந்த நிலையில் பைக்கில் கடலூர் திரும்புவதை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது. குடியை விடுங்கள், குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். யாராவது தட்டி எழுப்பியும் எழாமல் கிடந்தால் உடனே 108.

மெடிக்கலில் சீட்டில்லாமல் அல்பிரசோலம் தர மறுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையை 72 வயது அப்பாவுக்குத் தரலாமா? (வில்லியனூர்)

தரவே கூடாது. வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போக எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு உடைவது இப்படித்தான். கடைக்காரர்மேல் கோபப்படாதீர்கள், அல்பிரசோலம் எச்1 அட்டவணை மருந்து, அதாவது டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம், யாருக்கு விற்றோம் என்று எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அப்பாவை ஜிப்மருக்கு அழைத்துப் போங்கள்.

எஸ்சிடலோபிராம் பத்து நாளாகப் போடுகிறேன், ஒன்றும் தெரியவில்லை. இதற்கும் அடிமையாவேனா? (நெல்லிக்குப்பம்)

இது பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் வேறு வகை மாத்திரை, அல்பிரசோலம் மாதிரி அடிமையாக்காது. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும், ஆரம்பத்தில் குமட்டலும் கொஞ்சம் பரபரப்பும் வரும். அதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம், உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண் 14416. இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.