புளித்தால் கெட்டுப்போன காபியா?

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன், அங்கே ஒரு சிறிய வறுப்பகத்தில் எத்தியோப்பியக் காபிக்கொட்டை கால் கிலோ வாங்கி வந்தான். பாக்கெட்டில் ‘யிர்காசெஃபே, நேச்சுரல், புளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி’ என்று போட்டிருக்கிறது. வழக்கமாகத் தூள் வாங்கும் கடையில் கொஞ்சம் அரைத்து வந்து, பில்டரில் டிகாக்‌ஷன் இறக்கிப் பால் ஊற்றினேன். ஒரே புளிப்பு, பாலும் லேசாகத் திரிந்துவிட்டது. விலையோ நாம் வாங்கும் தூளைப் போல மூன்று மடங்கு. கொட்டை கெட்டுப்போயிருக்குமா?
– பாளையங்கோட்டை வாசகி

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கொட்டையில் குறையில்லை, அம்மா. அந்தப் பழப்புளிப்புக்காகத்தான் அவ்வளவு விலை. ஆனால் பாலோடு சேர்த்துக் குடிக்க அது ஏற்றதல்ல.

நம் வீட்டுத் தூளில் பிளாண்டேஷன் ஏ, பீபரி, சில சமயம் ரொபஸ்டா செர்ரி என்று பல கொட்டைகள் கலந்திருக்கும். கருக வறுத்து, நூற்றுக்கு இருபது முப்பது பங்கு சிக்கரியும் சேர்ப்பார்கள். (49 சதவீதம் வரை சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்.) வறுக்க வறுக்கப் பழ அமிலங்கள் சிதைந்து கசப்பு மேலே வரும். சிக்கரி திடத்தைக் கூட்டும். அந்தக் கலவை பாலுக்காகவே உருவானது.

உங்கள் கையில் இருப்பது ஒரே வட்டாரத்தில் விளைந்தது. யிர்காசெஃபே, எத்தியோப்பியாவின் தெற்கே 1,700 மீட்டருக்கு மேலான மலைப்பகுதி. அந்தக் குளிரில் பழம் மெதுவாகப் பழுப்பதால் கொட்டைக்குள் அமிலமும் இனிப்பும் நன்றாகச் சேரும். நேச்சுரல் என்றால் சதையை நீக்காமல் பழத்தை முழுசாகவே பந்தல் போன்ற மேடைகளில் வாரக்கணக்கில் காயவைத்தது. காயும்போது சதை லேசாக நொதிக்கும். பெர்ரி வாசனை வருவது அதனால்தான். வறுப்பவர் அதைக் காப்பாற்றவே, கொட்டை முதல் தடவை வெடித்த கொஞ்ச நேரத்தில் இறக்கிவிடுகிறார்.

பாலுக்கு வருவோம். புளிப்பை அளக்கும் எண்ணுக்குப் பிஎச் என்று பெயர்; அது குறையக் குறையப் புளிப்பு கூடும். பாலில் உள்ள கேசின் புரதம் பிஎச் 4.6 அளவில் திரியும். சூடாக இருந்தால் அதற்கு முன்பே திரியத் தொடங்கும். இளவறுப்புக் காபியின் பிஎச் 5-ஐ ஒட்டியே இருக்கும். அதையும் கெட்டி டிகாக்‌ஷனாக இறக்கி, காலையில் வாங்கி வைத்த பாலைச் சுடச்சுட ஊற்றினால் திரிவதில் ஆச்சரியமில்லை.

இன்னொன்று, அரவை. கடை அரவை மிஷினில் கருக வறுத்த தூளும் சிக்கரியும் ஒட்டியிருக்கும். உங்கள் கொட்டையின் மணத்தை அது அமுக்கிவிடும். மிச்சக் கொட்டையை வீட்டு மிக்சியில், குடிப்பதற்குச் சற்று முன், விட்டுவிட்டு ஓட்டி ரவைப் பதத்துக்கு அரையுங்கள். மாவாக விழுவதைச் சல்லடையில் தட்டி விடுங்கள்.

பில்டரைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள், இதற்குத் தேவையில்லை. கண்ணாடி டம்ளரோ பீங்கான் கோப்பையோ போதும். 11 கிராம் தூளுக்கு 200 மில்லி தண்ணீர். கொதித்து இறக்கி அரை நிமிடம் விட்ட தண்ணீரை ஊற்றி, நான்கு நிமிடம் தொடாதீர்கள். பிறகு மேலே மிதக்கும் தூளைக் கரண்டியால் விலக்குங்கள். அந்த நொடியில் மூக்கைக் கிட்டக் கொண்டுபோங்கள், நல்ல மணமெல்லாம் அப்போதுதான் எழும். நுரையை எடுத்துவிட்டு, இன்னும் ஐந்தாறு நிமிடம் ஆறவிடுங்கள். சுவைப்பவர்கள் உலகெங்கும் ஏறக்குறைய இந்த முறையில்தான் காபியைத் தேர்கிறார்கள்.

ஆறவிடச் சொல்வது முக்கியம். நாம் ஆவி பறக்கக் குடித்தே பழகியவர்கள். அந்தச் சூட்டில் நாக்குக்குப் பழம் தெரியாது. கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று சத்தம் வர உறிஞ்சுங்கள். காற்றோடு சேர்ந்து வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். முதலில் புளிப்பு எழும். வெதுவெதுப்பாகும்போது இனிப்பு பின்னால் வரும். புளூபெர்ரி நம் வாய்க்குப் பழக்கமில்லை. அதைத் தேடி அலைய வேண்டாம். நாவல்பழம், குற்றால சீசனில் வாங்கும் மங்குஸ்தான், புளியங்குடி எலுமிச்சை, இவற்றில் எது நினைவுக்கு வருகிறதோ அதுவே சரியான விடை. சர்க்கரை இல்லாமல் முதல் கோப்பையைக் குடித்துவிடுங்கள். உடன்குடிக் கருப்பட்டி போட்டால் கருப்பட்டிதான் ருசிக்கும்.

இப்போது உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். விழுங்கிய பிறகு நாவின் ஓரங்களில் எச்சில் ஊறி இனிப்பு மிஞ்சினால் அது நல்ல புளிப்பு. வெறுமனே நீர்த்து, உப்புக் கலந்த புளிப்பாக இருந்து, உடனே மறைந்தால் சாறு முழுதாக இறங்கவில்லை. இளவறுப்புக் கொட்டை கெட்டியாக இருப்பதால் லேசில் விடாது. அடுத்த முறை கொஞ்சம் நைசாக அரையுங்கள், தண்ணீரை இன்னும் சூடாக ஊற்றுங்கள். பச்சை வேர்க்கடலை வாசனை வந்தால் வறுவல் போதவில்லை, அது வறுத்தவரின் பிழை. புளித்த பதநீர் கள்ளாக மாறிய நெடியோ வினிகர் நெடியோ அடித்தால் பழம் அளவுக்கு மீறி நொதித்துவிட்டது. அப்படியானால் மகனைக் கேட்கச் சொல்லுங்கள். மனசாட்சியுள்ள வறுப்பவர் மாற்றிக் கொடுப்பார். பூஞ்சை நெடி என்றால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தண்ணீரையும் மறந்துவிடாதீர்கள். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற ஆழ்குழாய்த் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் உப்பு, காபியின் அமிலத்தைச் சமன்செய்துவிடும்; பழமெல்லாம் போய்க் காபி மொட்டையாக ருசிக்கும். தாமிரபரணிக் குடிநீர் வரும் வீடென்றால் அதையே வடிகட்டி எடுங்கள்.

காலைக் காபியை மாற்றவே வேண்டாம். அதற்கு உங்கள் பீபரியும் பித்தளை பில்டரும்தான் சரி. இதை மாலை நாலு மணிக்கு, சாப்பிட்ட வாசனை வாயில் இல்லாதபோது குடியுங்கள். பாக்கெட்டில் வறுத்த தேதி இருக்கும்; அதிலிருந்து ஒன்றிரண்டு வாரம் கழித்து ருசி நன்றாக இருக்கும், ஆறு வாரத்துக்குள் முடித்துவிடலாம். ஃபிரிட்ஜில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் அடுப்புச் சூடு படாத அலமாரியில் வையுங்கள். அடுத்த தடவை மகனிடம் கால் கிலோவுக்குப் பதில் நூறு கிராம், அதுவும் ஏற்காட்டில் விளைந்து தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய இளவறுப்பு கிடைத்தால் வாங்கி வரச் சொல்லுங்கள். அதில் நொதிப்பு வாசனை குறைவு. புளிப்பும் மென்மையாக இருக்கும்.