மாட்டு ரத்தம் குடிக்கும் வௌவால்களைக் கொன்றால் ரேபிஸ் நின்றுவிடுமா?

அது எப்போது கொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. மெக்சிகோ முதல் வட அர்ஜென்டினா வரை மாடு வளர்ப்பவர்களுக்கு இந்த வௌவால்கள் பெரிய தலைவலி. குடிக்கும் ரத்தம் கொஞ்சம்தான். எச்சிலோடு சேர்ந்து வரும் ரேபிஸ்தான் மாட்டைச் சாகடிக்கிறது.

இரவில் தொழுவத்தைச் சுற்றி வலை கட்டி வௌவாலைப் பிடிப்பார்கள். ரத்தத்தை உறையவிடாத வார்ஃபரின் கலந்த பசையை முதுகில் தடவிப் பறக்க விடுவார்கள். அது இருப்பிடம் திரும்பியதும் மற்றவை அதன் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யும். அப்புறம் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து பல வௌவால்கள் சாகும். கடித்த வௌவால் பெரும்பாலும் அதே காயத்தைத் தேடி மறுபடியும் வரும் என்பதால், மாட்டின் காயத்தைச் சுற்றிப் பசை பூசுவதும் உண்டு.

பெருவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு முக்கியமானது. நோய் வருமுன்னே எண்ணிக்கையைக் குறைத்த இடங்களில் பரவல் குறைந்தது. வந்த பிறகு கொன்ற இடங்களில் வேகமெடுத்தது. பண்ணைக்காரர்களோ மாடு செத்த பிறகுதான் பதறிப்போய் வௌவாலைத் தேடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், மாட்டுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவதுதான் முதல் வேலை. குகைக்குத் தீவைப்பது வேண்டவே வேண்டாம். பழமும் பூச்சியும் தின்னும் அப்பாவி வௌவால்களும் அதில் கூண்டோடு அழியும்.