துணி ட்ரையர் சுற்றுகிறது, ஆனால் சூடு வரவில்லை. என்ன பழுதாக இருக்கும்?

நம்ம ஊரில் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெசினில் பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டியையும் ட்ரையர் என்றுதான் சொல்கிறோம். அது துணியைச் சுழற்றித் தண்ணீரைப் பிழிவதோடு சரி, அதில் ஹீட்டரே கிடையாது. நீங்கள் போன மாதம் வரை சூடாக வந்தது, இப்போது டிரம் சுற்றியும் துணி சில்லென்று ஈரமாகவே வருகிறது என்று எழுதியிருப்பதால், உங்களுடையது கரண்ட் ஹீட்டர் வைத்து ஈரக்காற்றைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிற ட்ரையர் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் திருப்பூரில் ஒரு வாஷிங் யூனிட்டில் 14 வருடமாக எலக்ட்ரீசியன். அங்கே இருப்பவை பாய்லர் நீராவியில் ஓடும் பெரிய ட்ரையர்கள், ஆனால் விஷயம் ஒன்றுதான். சூடு மட்டும் துணியைக் காய வைக்காது, அந்தச் சூட்டுக்காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போயாக வேண்டும். அது போகிற வழி அடைத்தால் சூடு ஹீட்டர் பெட்டிக்குள்ளேயே தேங்கும். முதலில் தெர்மோஸ்டாட், அதாவது சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்துகிற சுவிட்ச், வெட்டி வெட்டிச் சேரும், அதையும் மீறினால் தெர்மல் ஃபியூஸ் என்று ஒரு சின்ன சாமான் தன்னை அறுத்துக்கொண்டு ஹீட்டருக்குப் போகிற கரண்டை நிறுத்திவிடும். நிறைய மாடல்களில் மோட்டார் லைன் தனி என்பதால் டிரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். உங்களுக்கு நடந்திருப்பது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

எங்க அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னால் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று புரியும். அக்காவும் மாமாவும் வால்பாறையில் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறார்கள். ஆனி ஆடி மழையில் அங்கே பெட்ஷீட் மூன்று நாளானாலும் காயாது, அதற்காகவே வாங்கிய ட்ரையர். "கண்ணு, மெசின் சுத்துது, சூடுதான் வர மாட்டேங்குது" என்று ஒரு நாள் போன் செய்தது. என்னால் உடனே போக முடியவில்லை, யாரோ ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டார்கள், சூடும் வந்துவிட்டது. பத்து நாள் கழித்து, துணியில் தீய்ந்த வாடை அடிக்கிறது என்று மறுபடியும் போன். அன்றைக்கே லீவு போட்டுவிட்டு ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன்.

பின்பக்க மூடியைக் கழற்றினால், தெர்மல் ஃபியூஸின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சிவப்பு ஒயரைப் போட்டு அந்த மெக்கானிக் டைரக்ட் செய்து வைத்திருந்தார். சுற்றியிருந்த இன்சுலேஷன் டேப் பாதி உருகி வழிந்திருந்தது. ஹீட்டர் பெட்டி ஓரத்தில் படிந்திருந்த பஞ்சு வறுத்த ரவை நிறத்துக்கு வந்திருந்தது. பஞ்சு எப்படித் தீப்பிடிக்கும் என்று திருப்பூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா இரவில் ட்ரையரை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகிற ஆள், நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

மூலகாரணம் குழாயில் இருந்தது. சுவருக்கும் மெசினுக்கும் நடுவே நசுங்கி, ஓரிடத்தில் தொய்ந்து கிடந்தது. அந்தக் குளிருக்கு ஈரக்காற்று குழாய்க்குள்ளேயே தண்ணீராகி, அதில் பஞ்சு ஒட்டி ஒட்டி, கையை விட்டு இழுத்தால் நனைந்த கம்பளித் துண்டு போல ஒரு முழத்துக்கு வந்தது. குழாயை மாற்றி, தொய்வில்லாமல் குறுக்கி, அதே அளவுள்ள புது ஃபியூஸ் போட்ட பிறகுதான் மெசினை ஓடவிட்டேன்.

அதனால் நீங்களும் காற்றிலிருந்தே ஆரம்பியுங்கள். பஞ்சு பிடிக்கிற பில்டர் வலையைக் கழற்றித் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். பார்க்க சுத்தமாக இருந்தும் தண்ணீர் வலையில் தேங்கி நின்றால், துணிக்குப் போடும் கண்டிஷனர் படிந்து வலைக் கண்களை அடைத்திருக்கிறது, சோப்புப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். வெளிச்சுவரில் காற்று வருகிற மூடி திறக்கிறதா, குருவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், வெறும் காற்று மட்டும் வருகிற புரோகிராமில் வைத்திருக்கிறீர்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இது நிறைய வீட்டில் நடக்கிறது.

அடுத்தது வோல்டேஜ். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டுக்குத்தான் 2000 வாட். கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஓடி லைன் 180-க்கு இறங்கினால் அதே ஹீட்டர் 1200 வாட்டுக்குச் சற்று மேலேதான் தரும், சூடு குறைந்த மாதிரி தெரியும். ஒன்பது ஆம்பியர் பக்கம் இழுக்கும் சாமான் இது, 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். பிளக் முனை கறுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் மல்டிமீட்டர். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டரின் ஒரு ஒயரைக் கழற்றி அளந்தால் 2000 வாட்டுக்கு 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. ஹீட்டர் முனைக்கும் மெசின் பாடிக்கும் நடுவே ஏதாவது ஓம் காட்டினால் ஷாக் அடிக்கும் நிலை, அதற்குமேல் தொடாதீர்கள். தெர்மல் ஃபியூஸ் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் போய்விட்டது என்று அர்த்தம். ஹீட்டரும் ஃபியூஸும் நன்றாக இருந்தால் சூட்டை அளக்கும் சென்சார் அல்லது போர்டில் ஹீட்டருக்குக் கரண்ட் விடும் ரிலே சுவிட்சில்தான் கோளாறு, அது ஆள் வைத்துப் பார்க்கிற வேலை.

ஒருவேளை உங்களுடையது ஹீட் பம்ப் வகை என்றால் மேலே சொன்ன ஓம் கணக்கு பொருந்தாது. அதில் ஏசி போல கம்ப்ரஸர் இருக்கிறது, சூடே மிதமாகத்தான் இருக்கும், கேஸ் இருப்பதால் நீங்களாகக் கழற்றக் கூடாது.

ஆள் கூப்பிட்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். "டைரக்ட் பண்ணி விட்டுர்றேன், ஓடும்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஃபியூஸ் கிடைக்க நான்கு நாள் ஆனாலும் துணியை மாடிக் கொடியிலோ, மழையென்றால் ஃபேனுக்குக் கீழோ போட்டுக்கொள்ளலாம்.