அப்பா நினைவாக வரலாற்றுக் கழகத்துக்கு ஒரு லட்சம்: வைப்பு நிதியாகக் கொடுக்கலாமா?

உங்கள் ஊர் வரலாற்றுக் கழகத்துக்கு அப்பா பெயரில் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து, அசலைத் தொடாமல் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடத்தச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி ஒரு சின்னக் கழகத்தில் பதினொரு வருடம் பொருளாளராக இருந்தவன் நான். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் நிபந்தனைகளோடு கொடுக்காதீர்கள்.

நான் பொறுப்பேற்ற அன்று பழைய பொருளாளர் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட எஃப்.டி. ரசீதுகள். அதில் ஒன்று, 1986-ல் ஒருவர் தன் தகப்பனார் பெயரில் வைத்த 10,000 ரூபாய். அப்போது வட்டி 10 சதவீதம், ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய். பேச வருகிறவரின் பஸ் செலவு, சால்வை, அழைப்பிதழ், எல்லாருக்கும் காபி போக மிச்சமும் இருந்ததாக அந்தக் காலத்து நோட்டில் எழுதியிருக்கிறது. என் காலத்தில் அதே பத்தாயிரத்துக்கு 700 ரூபாய்கூடத் தேறவில்லை. மைக் செட்டுக்கே பத்தாது. வேறு வழியில்லாமல் மூன்று அறக்கட்டளைச் சொற்பொழிவுகளை ஒரே மாலையில், ஒரே பேச்சாளரை வைத்து முடித்தோம். மூன்று குடும்பத்தாரும் முன்வரிசையில் உட்கார்ந்து, தங்கள் அப்பா பெயர் எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். எனக்கு நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

ரசீதில் அசல் அப்படியே இருந்தது என்பதுதான் வேடிக்கை.

கல்வெட்டுகளில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிக்க 96 ஆடு கொடுப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, அதுவும் இல்லையென்றால் 16 எருமை. வாங்கிக்கொண்ட இடையர் நாளுக்கு ஓர் உழக்கு (அந்தக் கால முகத்தல் அளவு) நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று எழுதி வைத்தார்கள். ஆடு சாகாமலா இருக்கும்? குட்டி போட்டு மந்தை தன்னைத்தானே நிரப்பிக்கொள்ளும். அளக்க வேண்டியதும் காசு இல்லை, நெய். நெய் விலை ஏறினாலும் விளக்கு எரியும். அதே கோயிலில் காசாகக் கொடுத்த கட்டளைகளும் உண்டு. ஊர்ச் சபைகளிடம் கடனாக விட்டு, காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை சதவீதம், பொலிசை (வட்டி) வாங்கினார்கள். இன்றைக்கு எந்த வங்கி அந்த வட்டி தருகிறது!

உங்கள் லட்சமும் குட்டி போட வேண்டும். 7 சதவீதம் கிடைக்கிறது என்று வையுங்கள், ஆண்டுக்கு 7,000. அதில் 4,000 செலவுக்கு, 3,000 மறுபடி அசலுக்கு என்று ஆரம்பத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வட்டி இப்படியே இருந்தால் பத்து வருடத்தில் அசல் 1,34,000 தாண்டும். செலவுக்கு வருவதும் அதற்கேற்ப ஏறும். விலைவாசியை முழுதாகப் பிடிக்குமா என்றால் பிடிக்காது, ஆனால் எங்கள் பிஸ்கட் டப்பா கதி வராது.

நாலாயிரத்தில் என்ன சொற்பொழிவு என்று கேட்பீர்கள். அதனால்தான் சொற்பொழிவே வேண்டாம் என்கிறேன். நன்கொடை தருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்குச் சொற்பொழிவுதான் வேண்டும், மேடையில் பேனர் தெரியுமே. கழகத்துக்குத் தேவைப்படுவது வேறு. ஒரு கல்வெட்டைப் படியெடுக்கப் போனால் வண்டி வாடகை, மைப்படித் தாள், மை, ஒரு நாள் கூலி. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, அப்புறம் மை ஒற்ற வேண்டும். காற்றடித்தால் தாள் கிழிந்து மறுபடி முதலிலிருந்து. இதற்கு யாரும் அறக்கட்டளை வைப்பதில்லை. தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழில் வரும் புதுக் கல்வெட்டுகளுக்குப் பின்னால் இந்த மாதிரி வேலைதான் இருக்கிறது. உங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒரு கல்வெட்டு உங்கள் அப்பா பெயரில் படியெடுக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் திரட்டினார்களே, அதுவும் அசலைத் தொடாமல் வருமானத்தில் ஓடும் ஏற்பாடுதான். ஆனால் அங்கே நிதியைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். நம் கழகங்களில் பொருளாளர் ஒருவர்தான், அவரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர். அதனால் கொடுக்கும் முன் மூன்று வருடத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். ஏற்கெனவே வந்த அறக்கட்டளைகளின் ரசீதையும் காட்டச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம். எங்கள் கழகத்தில் ஒரு முறை அச்சக பாக்கிக்காக ஓர் எஃப்.டி.யை உடைத்தோம், அடுத்த மாதமே திருப்பிப் போடுவதாக. போட நான்கு வருடம் ஆயிற்று. உடைத்த படிவத்தில் இருந்தது என் கையெழுத்துதான். ரசீது காட்டத் தயங்கினால் வைப்பு நிதியை விட்டுவிட்டு, இந்த ஆண்டே செலவாகிற மாதிரி ஒரு வேலைக்குக் கொடுங்கள். ஸ்கேனர் வாங்கட்டும்.

வரி விஷயம் சுருக்கமாக. அசல் நிதிக்கு என்று எழுத்தில் சொல்லாமல் கொடுத்தால் அது கழகத்தின் அந்த ஆண்டு வருமானமாகிவிடும், 85 சதவீதத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டிய கணக்கில் சேரும். கழகத்துக்கு நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் பதிவு (80ஜி என்பார்கள்) இருந்து, நீங்களும் பழைய வரி முறையில் இருந்தால், பொதுவாகப் பாதித் தொகைக்குக் கழிவு உண்டு. புதிய முறையில் கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது, அதனால் காசோலையாகக் கொடுங்கள்.

கூடவே ஒரு கடிதம் வையுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'இத்தொகை அசல் நிதியாக வைக்கப்பட வேண்டும். வட்டியில் ஏழில் மூன்று பங்கு ஆண்டுதோறும் அசலில் சேர்க்கப்பட வேண்டும். மீதி கல்வெட்டுப் படியெடுப்புக்கு. அந்த வேலை இல்லாத ஆண்டில் செயற்குழு முடிவு செய்யும் வேறு ஆய்வு வேலைக்குச் செலவிடலாம். ஆண்டு இறுதியில் ரசீது நகல் ஒன்று எங்கள் குடும்பத்துக்கு அனுப்பப்பட வேண்டும்.' தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரிடமும் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.